சரிவகத் தசை

சரிவகத் தசை என்பது பிடரி, தோள், மேல்முதுகு ஆகியவற்றை மூடியுள்ள, தோலை அடுத்து அமைந்த அகன்ற தட்டையான தசையாகும். முதுகெலும்பின் இருபுறமும் பக்கத்திற்கு ஒன்றாக இது உள்ளது. தனித்துப் பார்த்தால் முக்கோணமாகத் தோன்றும். இரண்டும் சேர்ந்து நாற்கர வடிவம் பெறுவதால் இப்பெயர் ஏற்பட்டது.

அமைப்பு

பிடரெலும்பு, பிடரி நார், 7ஆம் கழுத்து முள்ளெலும்பு, 12 மார்பு முள்ளெலும்புகள் ஆகியவற்றில் இத்தசை தொடங்குகின்றது. மேல்நார்கள் காறை எலும்பின் வெளிப்புறப் பகுதியிலும், ஏனையவை தோளுச்சியிலும் தோள்பட்டை எலும்பின் முகட்டிலும் இணைகின்றன.

செயற்பாடு

மேல்நார்கள் தோளை உயர்த்துகின்றன. நடுநார்கள் தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கி இழுக்கின்றன. கீழ்நார்கள் அதனைத் தாழ்த்துகின்றன. மேல்நார்களும் கீழ்நார்களும் ஒருசேரச் சுருங்கினால் தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழலும். விலாவிலிருந்து வரும் ரம்பத் தசையும் இதற்குத் துணைபுரிகின்றது. கையைத் தலைக்குமேல் உயர்த்தும் 180 பாகையில் ஏறத்தாழ 60 பாகை இச்சுழற்சியால் கிடைப்பதே. எஞ்சியது தோள்மூட்டின் பங்கு.

சுமையும் தறியும்

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பிரம்மோற்சவத்தில் 3ஆம் நாள் கருட சேவை நடைபெறும். வாகனத்தைச் சுமக்கும் சீபாதந்தாங்கிகளின் கழுத்துக்கும் தோளுச்சிக்கும் இடையில், மேல்நார்களின் மீதே தண்டு அழுந்துகின்றது. அங்கு இத்தசை மெத்தையாகவும் இருக்கவேண்டும், தோள் தாழாமல் இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். (வைணவக் கோயில்களில் தோளில் சுமக்கும் ஒருவகைப் பல்லக்கிற்குத் 'தோளுக்கினியான்' என்று பெயர். சுமப்பவர் தோளுக்கு அது இனியதா என்பது வேறு.)

பட்டு நெசவாளரின் நிலை வேறுவகையானது. குழித்தறியில் தலைகுனிந்து, கைகளை முன்னீட்டி, நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்குச் சுமை சிறிது; ஆனால் தசைக்கு ஓய்வில்லை. தொடர்ந்து இறுகியிருக்கும் தசையில் குருதியோட்டம் குறைவதால் பிடரியிலும் தோளிலும் வலி தோன்றும்.

நரம்பும் காயமும்

இத்தசையை இயக்குவது 11ஆவது மண்டை நரம்பாகிய துணை நரம்பு. கழுத்தின் பக்கவாட்டில் இது தோலுக்கு மிக அருகில், நிணநீர்க் கணுக்களை ஒட்டிச் செல்கின்றது. இந்தியாவில் காசநோயால் இக்கணுக்கள் வீங்குவது பரவலாதலால், சோதனைக்காகக் கணுவை வெட்டியெடுப்பதும் மிகுதி. அவ்வேளையில் நரம்பு அறுபட்டால் தோள் தொங்கிவிடும்; தோள்பட்டை எலும்பு புடைத்து நிற்கும்; கையைப் பக்கவாட்டில் தோள்மட்டத்திற்கு மேல் உயர்த்த இயலாது. தோளால் பிழைப்பவருக்கு இது தொழிலையே இழப்பதாகும். சில மாதங்களுக்குள் கண்டறிந்தால் நரம்பைத் தைத்துச் சீராக்கும் வாய்ப்பு அதிகம். எனவே இவ்வகை அறுவைக்குப் பின், இரு தோள்களையும் காதை நோக்கி உயர்த்தச் சொல்லி, மருத்துவர் அவற்றின் மீது கைவைத்து அழுத்தி வலிமையை ஒப்பிட்டுப் பார்ப்பார்.