சோபாவுக்குள்ள ஒரு குற்றால சீசன்: எந்த வாக்யூம் கிளீனர் வாங்குறது, எப்படிப் பயன்படுத்துறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பின்னாடி லேசா ஒரு சத்தம் கேக்குதா? மைக் பிரச்சினை இல்ல. மாடியில தகரக் கூரை மேல சாரல் விழுது. தென்காசியில எங்க வீட்டுல உக்காந்துதான் இந்த எபிசோடைப் பேசுறேன். இங்க இருந்து குற்றாலம் ஒரு அஞ்சு கிலோமீட்டர். ஜூன்ல தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் சீசன். ஆரியங்காவு கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து ஈரத்தோட உள்ள வரும். உங்களுக்கு அது ரீல்ஸ். எங்க வீட்டு சோபாவுக்கு அது வேற கதை.

போன வருஷம் ஜூலையில அம்மாவுக்கு ராத்திரி இளைப்பு அதிகமாச்சு. டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, வீட்டுத் தூசியில இருக்குற பூச்சி ஒத்துக்கலன்னு சொன்னார். மருந்து, இன்ஹேலர் எல்லாம் ஆரம்பிச்சாச்சு. கூடவே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா வீட்டுல அதிக நேரம் எங்க இருப்பாங்க?"

ஹால் சோபாவுலதான். பதினாலு வருஷத்துப் பழைய துணி சோபா. மத்தியானத் தூக்கமும் சீரியலும் அங்கதான்.

நான் உடனே சாஃப்ட்வேர்காரன் மாதிரி யோசிச்சேன். பிரச்சினை தூசி, தீர்வு வாக்யூம் கிளீனர், இன்னைக்கே ஆர்டர். அதுல நான் ரெண்டு தப்பு பண்ணினேன். அந்த ரெண்டு தப்புதான் இன்னைக்கு எபிசோட்.

முதல் தப்பு: வாட்ஸைப் பாத்து வாங்கினேன்

1600 வாட்ஸ்னு பெட்டி மேல பெருசா போட்டிருந்த ஒரு டிரம் மாடலை வாங்கினேன். ஞாயித்துக்கிழமை முழு சோபாவையும் இழுத்தேன். அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு இளைப்பு கூடிடுச்சு. "மிசினு ஓடுத சத்தம்தாம்ல பெருசா இருக்கு, எனக்கு ஒண்ணும் கேக்கலியே"ன்னு அம்மா மறுநாள் காலையில சொன்னாங்க.

ஏன் அப்படி ஆச்சு? வாட்ஸ்ங்கிறது மெஷின் எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு சொல்ற நம்பர். எவ்வளவு உறிஞ்சுதுன்னு அது சொல்லாது. உறிஞ்சுறதுக்கு ரெண்டு அளவு இருக்கு. ஒண்ணு அழுத்தம், கிலோபாஸ்கல்ல போட்டிருப்பாங்க. இன்னொண்ணு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காத்து ஓடுதுங்கிறது.

இளநீர் ஸ்ட்ராவை நினைச்சுக்கோங்க. நுனியை விரலால மூடிட்டு உறிஞ்சினா அழுத்தம் உச்சத்துல இருக்கும், ஆனா வாய்க்கு ஒரு சொட்டு வராது. விளம்பரத்துல வர்ற கிலோபாஸ்கல் பெரும்பாலும் அப்படி வாயை அடைச்சு வெச்சு அளந்ததுதான். தூசியைத் தூக்கிட்டு வர்றது ஓடுற காத்து. துணியையும் ஃபோமையும் தாண்டி அந்தக் காத்து வரணும்னா அழுத்தமும் வேணும். அதனால ரெண்டு நம்பரையும் சேர்த்துப் பாருங்க. ஏர் வாட்ஸ்னு போட்டிருந்தா இன்னும் நல்லது. ரெண்டையும் பெருக்கி வர்ற அளவு அது.

ஆனா அம்மாவுக்கு இளைப்பு வந்ததுக்குக் காரணம் உறிஞ்சல் இல்ல, ஃபில்டர். அந்த மெஷின்ல இருந்தது வெறும் துணிப் பை. முன்னாடி இழுத்த நுண்தூசியைப் பின்னாடி ஹால் முழுக்க ஊதியிருக்கு. நானும் அம்மாவைப் பக்கத்துலயே உக்கார வெச்சிருந்தேன்.

இதுல ஒரு பழைய கதை இருக்கு. 1901ல லண்டன்ல ஹ்யூபர்ட் செசில் பூத்னு ஒரு இன்ஜினியர், காத்தை ஊதி தூசியைக் கிளப்புற மெஷினோட டெமோவைப் பாத்தார். ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சினா என்னன்னு அவருக்குத் தோணுச்சு. ஒரு ரெஸ்டாரண்ட்ல மெத்தை வெச்ச சீட் மேல கைக்குட்டையை விரிச்சு, வாயை வெச்சு உறிஞ்சிப் பாத்தார். இருமல்தான் வந்துச்சு, ஆனா கைக்குட்டையில தூசி ஒட்டியிருந்துச்சு. அப்புறம் குதிரை இழுக்குற வண்டியில பெட்ரோல் இன்ஜின் வெச்சு, ஜன்னல் வழியா குழாய் விட்டு வீடுகளைச் சுத்தம் பண்ணினார். கவனிச்சீங்களா, அவரோட அந்த டெஸ்ட் தரையில நடக்கல, மெத்தை சீட்ல நடந்துச்சு. அதுல வேலை செஞ்சது உறிஞ்சலும் அந்தக் கைக்குட்டையும், அதாவது ஃபில்டரும்தான்.

அதனால வாங்கும்போது பாக்க வேண்டியது இவ்வளவுதான்:

ஹெப்பா ஃபில்டர் இருக்கணும். எச்13ன்னு போட்டிருந்தா, பிடிக்கிறதுக்கே கஷ்டமான அளவுத் துகள்லயும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும்னு அர்த்தம். மூடி, ரப்பர் வளையம் எல்லாம் இறுக்கமா இருக்கணும். இடுக்கு வழியா காத்து தப்பிச்சா ஃபில்டர் இருந்தும் பிரயோஜனம் இல்ல. கடையில இருட்டான மூலையில ஓட விட்டு, காத்து வெளிய வர்ற இடத்துல மொபைல் டார்ச்சை அடிச்சுப் பாருங்க. தூசி மினுமினுத்தா வேண்டாம்.

அடுத்தது முனை. தரைக்கான அகல முனை சோபாவுக்கு ஆகாது. கை அகலத்துக்கு ஒரு சின்ன முனை வேணும், அடியில வெல்வெட் பட்டை ஒட்டியிருந்தா முடியும் நூலும் மாட்டும். கூடவே இடுக்குக்கு ஒரு ஒல்லி முனை. வீட்டுல நாயோ பூனையோ இருந்தா மோட்டார் வெச்ச குட்டி பிரஷ் நல்லது. இந்த முனைகள் பெட்டியில இருக்கா, தனியா காசு கொடுக்கணுமான்னு கேட்டுக்கோங்க.

பையா, டப்பாவா? டப்பா மாடல்ல பை வாங்குற செலவு இல்ல. ஆனா கொட்டும்போது தூசி மூஞ்சிக்கு வரும். அலர்ஜி இருக்குற வீட்டுக்கு மூடித் தூக்கி எறியிற பை நிம்மதி. அந்தப் பை உங்க ஊர்ல கிடைக்குமான்னு முதல்லயே பாத்துடுங்க.

ரெண்டாவது தப்பு: சாரல்ல சோபாவைக் குளிப்பாட்டினேன்

வாக்யூம் பத்தலன்னு நினைச்சு, ஜூலையிலயே ஷாம்பு வாஷ் பண்ற ஆளைக் கூப்பிட்டேன். பாக்க பளிச்னு ஆச்சு. நாலு நாள் ஃபேன் போட்டும் ஃபோம் காயல. அஞ்சாவது நாள் பூஞ்சை வாடை.

அப்பதான் ஒரு ஈரப்பத மீட்டரை வாங்கி ஹால்ல வெச்சேன். 84 காட்டுச்சு. அந்த மாசம் ஒரு நாள்கூட 80க்குக் கீழ இறங்கல.

இதை ஏன் சொல்றேன்னா, நாம தேடுற எதிரி ஈரத்துலதான் வாழுது. தூசிப்பூச்சி ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குதான் இருக்கும். எட்டுக் கால், சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோல் செதில்தான் அதுக்குச் சாப்பாடு. அது தண்ணி குடிக்காது, காத்துல இருக்குற ஈரத்தை உடம்பு வழியா எடுத்துக்கும். ஈரப்பதம் நாள்கணக்கா 50 சதவீதத்துக்குக் கீழ இருந்தா வறண்டு செத்துடும். அம்மாவுக்கு ஒத்துக்காதது அந்தப் பூச்சிகூட இல்ல, அதோட கழிவுல இருக்குற செரிமான என்சைம்.

அதனால வாக்யூம்கிட்ட சரியான வேலையைத்தான் எதிர்பாக்கணும். உயிரோட இருக்குற பூச்சி நூலைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், பெருசா வெளிய வராது. கழிவும் தோல் செதிலும் வரும். அதாவது அலர்ஜிப் பொருளும் பூச்சியோட சாப்பாடும் குறையும். பூச்சியைக் குறைக்கிறது வறட்சி. ஒண்ணை மட்டும் செஞ்சா மத்தது திரும்ப வந்துடும்.

எங்க ஆச்சி பங்குனி, சித்திரை வெயில்ல இலவம்பஞ்சு மெத்தையை மாடியில போட்டு, பிரம்பால அடிப்பாங்க. ஈரத்தையும் தூசியையும் ஒரே நாள்ல வெளியேத்துற வழி அது. சோபாவை மாடிக்குத் தூக்க முடியாதுங்கிறதுதான் நம்ம பிரச்சினை.

இப்ப நான் எப்படிப் பண்றேன்?

வாரம் ஒரு தடவை. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிடுவாங்க, முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருவாங்க. நான் மாஸ்க் போட்டுக்குவேன்.

குஷன் எல்லாத்தையும் எடுத்துடணும். முதல்ல ஒல்லி முனையால இடுக்கு. சில்லறை, ரிமோட் மூடி, போன தீபாவளி மிக்சர் எல்லாம் அங்கதான் இருக்கும். அப்புறம் மேல இருந்து கீழ: சாயுற பகுதி, கை வைக்கிற இடம், கடைசியா உக்கார்ற இடம். சின்ன முனையை மெதுவா இழுங்க, ஒரு கோடு பக்கத்துக் கோட்டு மேல கொஞ்சம் ஏறணும். ஒரு தடவை நீளவாக்குல, ஒரு தடவை குறுக்க. குஷனோட ரெண்டு பக்கமும்.

முனை துணியைக் கவ்விப் பிடிச்சா, காத்து ஓடலன்னு அர்த்தம். அதான் அந்த ஸ்ட்ரா கதை. கைப்பிடியில ஒரு சின்ன திறப்பு இருக்கும், அதைக் கொஞ்சம் திறந்து விடுங்க. வெல்வெட்னா இழை படியிற திசையில மட்டும், குறைஞ்ச வேகத்துல இழுங்க. தளர்வா நெஞ்ச துணியில மோட்டார் பிரஷ் வேண்டாம், நூல் பிஞ்சுடும்.

பேக்கிங் சோடா தூவச் சொல்ற வீடியோ நிறைய இருக்கு. அந்த மாவு ஃபில்டரை அடைக்கும், நான் விட்டுட்டேன். ஈரமான சோபாவுல சாதா வாக்யூமை வைக்கவே கூடாது, ஷாக் அடிக்கும். ஃபில்டரைக் கழுவினா முழுசா காஞ்ச பிறகுதான் மாட்டணும். சீசன்ல எனக்கு அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகுது, அதனால ஒண்ணு எக்ஸ்ட்ரா வெச்சிருக்கேன்.

ஈரத்துக்கு: சாரல் அடிக்கும்போது ஜன்னலை மூடிட்டு, ஹால் ஏசியை டிரை மோட்ல கொஞ்ச நேரம் ஓட விடுறேன். 50க்கு வராது, 60 பக்கம் வருது. குஷன் உறையைக் கழட்ட முடியும், அதுல இருக்குற லேபிள் அனுமதிக்குது, அதனால 60 டிகிரி சுடுதண்ணியில துவைக்கிறேன். அந்தச் சூட்டுல பூச்சி சாகும். ஷாம்பு வாஷ் இனிமே மாசி, பங்குனியிலதான்.

இன்னொரு வீட்டுச் சட்டமும் போட்டாச்சு. சீசன்னா சொந்தக்காரங்க வருவாங்க, ஐந்தருவியில குளிச்சுட்டு ஈரத் துண்டோட நேரா சோபாவுல வந்து உக்காருவாங்க. இப்ப வாசல்லயே நாலு பிளாஸ்டிக் சேர் போட்டிருக்கேன். மதுரை மாமா கொஞ்சம் முறைச்சார், பரவால்ல.

இந்த வருஷம் அம்மா மருந்தை நிறுத்தல. டாக்டர் சொல்லாம யாரும் நிறுத்தாதீங்க. ஆனா ராத்திரி எழுந்து உக்கார்றது குறைஞ்சிருக்கு. மீட்டரை இப்ப அம்மாவே பாக்குறாங்க. இன்னைக்குக் காலையில கீழ இருந்து ஒரு குரல்: "ஏல, எழுபது காட்டுது, ஏசியப் போடு!"

போட்டுட்டு வந்துதான் ரெக்கார்ட் பண்றேன். உங்க வீட்டு சோபா எந்தத் துணி, எந்த ஊர், வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.