கேட்க ஆளிருக்கும் இடத்தில்

பதின்ம வயதுப் பையன் பள்ளிக்கூடத்தில் முரண்டு பிடித்தாலும், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்வந்த பெண் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாலும், பெங்களூரு ஆஸ்டின் டவுன் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் சொல்லப்படும் காரணங்கள் இரண்டுதான்: ஒன்று, பிறவிக் குணம், மற்றொன்று, சேர்க்கை சரியில்லை. இவற்றுள் முதலாவதற்கு அளவுக்கு மிஞ்சிய இடம் தரப்படுகிறது என்பதையும், இரண்டாவதில் உண்மை இருந்தாலும் அது பாதி உண்மையே என்பதையும் உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ட்னர், ஸ்டைன்பெர்க் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோரில் சிலர் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைத் தனியாகவும், மற்றவர்கள் தம் வயதொத்த இருவர் பார்த்திருக்கும்போதும் ஆடினர். பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்க, 13 முதல் 16 வயது வரையுள்ளோர் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது வெகுவாகத் துணிந்து ஆபத்தை விலைக்கு வாங்கினர். முன்யோசனையையும் தன்னடக்கத்தையும் ஆளும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்த பிறகே முழுமையாக முதிர்வதும், மகிழ்ச்சியையும் பாராட்டையும் நாடும் பகுதிகள் அதற்கு முன்பே விழித்துக்கொள்வதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் கூட்டாளிகளின் பார்வை கெடுக்க மட்டுமே செய்யும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆஸ்டின் டவுன் நந்தன் மைதானத்தில் கால்பந்துப் பயிற்சிக்கு வரும் பையன் ஓய்ந்து உட்காராமல் ஓடுவதும் அதே பார்வைக்காகத்தான்.

வேலையிடத்தில் இந்தப் பார்வை சூப்பர்வைசருடையதாக மாறுகிறது; அதோடு வேலை முறையைத் தீர்மானிக்கும் அதிகாரமும் சேர்ந்துவருகிறது. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த கருத்தின்படி, மன இறுக்கத்தை உண்டாக்குவது வேலைப் பளு மட்டுமன்று. பளு கூடியிருக்க, அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் தொழிலாளிக்குச் சொல்லுரிமை குறைந்திருக்கும்போதுதான் அது மிகுதியாகிறது. மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட் வைத்து, முன் மிஷினிலிருந்து வரும் கையையோ காலரையோ தைத்துப் பின் மிஷினுக்குத் தள்ளியாக வேண்டிய தையல் லைன் இதற்குக் கச்சிதமான சான்று. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவரின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. அவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஏராளம், அவர் முடிவு செய்யக்கூடியது சொற்பம்.

கர்நாடகத்தில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஆயத்த ஆடை ஆலைகளில் பொருளியலாளர் சிலர் நடத்திய ஆய்வு இங்கே நின்று கவனிக்கத்தக்கது. அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக அமைந்து தொழிலாளர்கள் மனம் சோர்ந்திருந்த வேளையில், சுமார் 2,000 பேரில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரைத் தேர்ந்து, பெயர் தெரிவிக்காமல் வேலையைப் பற்றியும் சூப்பர்வைசரைப் பற்றியும் கருத்துச் சொல்ல வாய்ப்பளித்தனர். இதற்காகக் கூலி ஒரு பைசாகூடக் கூட்டப்படவில்லை. ஆயினும் அடுத்த சில மாதங்களில், கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டு நிற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது.

கேட்க ஆளிருந்தால் மாற்றம் வரும் என்ற இதே உண்மை பிகாரின் நாலந்தா மாவட்டத்துப் பள்ளிகளிலும் வெளிப்பட்டது. அங்கே 74 அரசுப் பள்ளிகளில் நடந்து 2018இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், ஒரு பிரிவுப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மனதில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, தனியே பேச நேரம் என்று அவர் ஏற்பாடு செய்தார். அப்பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் ஒருவரையொருவர் சீண்டித் துன்புறுத்துவதும் குறைந்தன. அதே பணியைப் பள்ளி ஆசிரியரே செய்த பள்ளிகளில் பலன் தென்படவில்லை. மதிப்பெண் போடும் கையிடமே மனத்தைத் திறப்பது எளிதல்ல என்பதும், ஆசிரியருக்கு இருக்கும் பாடச் சுமையும் இதற்குக் காரணமாகலாம்.

காது கொடுப்பது கூலிக்கோ சேமிப்புக்கோ ஈடாகாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை எடுக்கும் விதியைத் தங்களைக் கேளாமல் மாற்றியதற்காக, பெங்களூருவின் கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தபோது, அரசு அந்த மாற்றத்தையே திரும்பப் பெற நேர்ந்தது. அவர்களுக்குக் குணக்கேடு எதுவும் இல்லை; சேமிப்பு கைக்கு வராமல் போகும் என்ற அச்சமே இருந்தது. பள்ளி நிர்வாகங்களும் ஆலை முதலாளிகளும் ஒரு நடத்தையைக் கண்டிக்கும் முன், அதற்குப் பின்னாலுள்ள இத்தகைய அச்சத்தைக் கேட்டறிவது அவர்கள் கடமை.

இப்படிக் கேட்பார் தேவைப்படுவோர் குறைவல்லர்: பெங்களூரு ஹோசூர் ரோட்டிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. வீட்டிலோ வேலையிடத்திலோ பேச ஆளில்லாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.