தூத்துக்குடி கார்: வாங்குறதுக்கு முன்னாடி போட்ட கணக்கு

உப்பு, கருவாடு, மக்ரூன், ஸ்பிக் உரம், அனல்மின் நிலையம். தூத்துக்குடின்னா இதுவரைக்கும் இந்தப் பட்டியல்தான். முத்துக்குளிப்பைச் சொல்லணும்னா பாட்டி காலத்துக்குப் போகணும். இந்தப் பட்டியல்ல 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி காரும் சேர்ந்துச்சு. சில்லாநத்தம் சிப்காட்ல வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலையை முதல்வர் திறந்து வச்சார். 2024 பிப்ரவரியில அடிக்கல், ஒன்றரை வருஷத்துல முதல் கார். (மறுநாள் ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழா. அன்னைக்கு ஊர்ல பாதிப் பேருக்குத் திறப்பு விழாவைப் பத்திப் பேச நேரமே இருந்திருக்காது.)

எனக்கு நாற்பது தாண்டிடுச்சு. சென்னையில மென்பொருள் வேலை, ஊர்ல அம்மா. மாசம் ஒரு தடவை போய்ட்டு வர்றேன். பதினோரு வருஷமா ஓட்டுற ஹேட்ச்பேக்கை மாத்தணும், இந்த முறை கொஞ்சம் நல்லதா, பெரிசா ஒண்ணு எடுக்கலாம்னு வீட்டுல முடிவாச்சு. பட்ஜெட் 25 லட்சம். எங்க குடும்பத்துல யாரும் இவ்வளவு காசை வண்டியில போட்டதில்லை. அதனால எக்செல் திறக்காம ஒரு முடிவும் எடுக்கக் கூடாதுன்னு வச்சுக்கிட்டேன். அந்தக் கணக்குகளைத்தான் இங்க எழுதி வைக்கிறேன். வேற வண்டி பார்க்கிறவங்களுக்கும் உதவும்.

முதல்ல வரி. விலைப்பட்டியலை மட்டும் பார்த்தா இதுல நடக்குறது கண்ணுக்கே தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதுக்கு முன்னாடி செஸ் சேர்த்து 50 வரைக்கும் போச்சு. மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான். இப்ப ரெண்டு வண்டி, ஷோரூம் விலை ரெண்டுக்கும் 25 லட்சம்னு வச்சுக்குவோம். டீசல் வண்டியில ஏறக்குறைய 7.14 லட்சம் அரசுக்கு, 17.86 லட்சம்தான் வண்டிக்கு. மின்வண்டியில வரி 1.19 லட்சம், வண்டிக்கு 23.81 லட்சம். அதாவது அதே விலையில கிட்டத்தட்ட 6 லட்ச ரூபா பெறுமானம் அதிகமா வண்டிக்குள்ள உக்காந்திருக்கு. அதுல பெரும்பங்கு பேட்டரிக்குப் போயிடும், அது வேற விஷயம்.

அடுத்து சாலை வரி. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு 20 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 25 லட்ச டீசலுக்கு முழுசா 5 லட்சம். மின்வண்டிக்கு விலக்கு. 2025 நவம்பர் நிலவரப்படி அந்த விலக்கு அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும்னு இருந்துச்சு. ஷோரூம்ல என்னை அவசரப்படுத்தினதுக்கு அந்தத் தேதிதான் காரணம். 10 லட்சத்துக்கு மேல போற எந்தக் காருக்கும் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம். பலபேர் இதை மறந்துட்டு அப்படியே விட்டுடுறாங்க.

ஓட்டிப் பார்த்தது மூணு வண்டி: ஒரு டீசல் எஸ்யூவி, சென்னையிலேயே பூட்டப்படுற பிஎம்டபிள்யூ எக்ஸ் 1, அப்புறம் விஎஃப் 7. எக்ஸ் 1 பட்ஜெட்டுக்கு ரொம்ப மேலே. ஆனா "லக்சுரி"ங்கற சொல்லுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்க ஓட்டினேன். டெஸ்ட் டிரைவ்னா பெரும்பாலும் கடையிலேர்ந்து கிளம்பி, ஒரு யூ டர்ன் போட்டு, பத்து நிமிஷத்துல திரும்ப வர்றது. அதுல ஏசி குளிருதான்னு பார்க்கலாம், அவ்வளவுதான். முன்கூட்டியே சொல்லி ஒரு மணி நேரம் கேளுங்க. கார்ப் பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுங்க, வேகத்தடையில மெதுவாவும் கொஞ்சம் வேகமாவும் ஏறி இறங்குங்க. பின்சீட்ல நீங்களே உக்காந்து வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்க. முக்கியமா, அந்த வண்டியில அதிகமா உக்காரப் போற ஆளைக் கூட்டிட்டுப் போங்க.

எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். எஞ்சின் சத்தம், தொடுதிரை, கண்ணாடிக் கூரை எதையும் அவங்க பார்க்கலை. மூணு வண்டியிலயும் சேலையோட ஏறி இறங்கிப் பார்த்தாங்க. "எய்யா, ஏறுறது பிரச்சினை இல்ல, எறங்கும்போது தரை எங்க இருக்குன்னு தெரியணும்லா." இது எந்த ரிவ்யூவிலயும் வராத அளவுகோல். அந்த மூணுல டீசல்தான் ரொம்ப உயரம், அதுக்கு அம்மா ஓட்டு விழலை.

விஎஃப் 7-ல ரெண்டு பேட்டரி இருக்கு: 59.6 யூனிட், 70.8 யூனிட். (ஒரு கிலோவாட் அவர்னா வீட்டுக் கரண்ட் பில்லுல வர்ற அதே ஒரு யூனிட்தான்.) 2025-ல விலை 20.89 லட்சத்துல தொடங்கி 25.49 லட்சம் வரைக்கும் இருந்துச்சு. மேல்வகையில நாலு சக்கரமும் இழுக்கும், சுமார் 350 குதிரைத்திறன். நடுவகை 200 சொச்சம், முன்சக்கரம் மட்டும். அந்த நடுவகையைத்தான் ஈசிஆர்ல ஓட்டினேன். மகாபலிபுரம் போற வழியில லாரியைத் தாண்ட இந்த 200-ஏ எனக்கு மிச்சம். மீதி 150 குதிரையை வாங்கி எங்க கட்டுறதுன்னு தெரியலை.

உண்மையான கேள்வி வேற: சென்னையிலேர்ந்து தூத்துக்குடி 600 கிலோமீட்டர் போக முடியுமா? பெரிய பேட்டரியோட நடுவகைக்கு ஏஆர்ஏஐ சான்று 532 கிலோமீட்டர். அந்தச் சோதனை ஆய்வுக்கூட உருளை மேல, நகரவேகம் கலந்த ஒரு சுழற்சியில நடக்குறது. நெடுஞ்சாலைக்கு அது ஒத்துவராது. காரணம் காற்று. காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனா வேகம் 25 சதவீதம்தான் கூடுது, ஆனா காற்றைத் தள்ள ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 56 சதவீதம் அதிகச் சக்தி வேணும். டீசல் வண்டிக்கும் இதே விதிதான். அங்க எஞ்சினே பாதிக்கு மேல வெப்பமா வீணாக்குறதால நமக்கு இது உறைக்கிறதில்லை.

நெடுஞ்சாலையில 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட்னு வச்சுக்கிட்டேன். பேட்டரியை 10 சதவீதத்துக்குக் கீழ இறக்க மாட்டேன். அப்படின்னா முழு சார்ஜ்ல கிடைக்கிறது சுமார் 354 கிலோமீட்டர். சென்னை - திருச்சி 330. திருச்சியில சார்ஜ் போடலாம். 80 சதவீதத்துக்கு மேல எந்த வண்டியிலயும் வேகம் குறைஞ்சிடும், அதனால 80-லேயே கிளம்பணும். அதுல 275 கிலோமீட்டர். மதுரை வழியா வீட்டுக்கு மீதி தூரமும் கிட்டத்தட்ட 275. இப்படி நூல் பிடிச்ச மாதிரி வர்ற கணக்கை நான் நம்ப மாட்டேன். எதிர்காத்து அடிச்சா, சித்திரை வெயில்ல ஏசி முழுசா ஓடுனா, எட்டையபுரம் பக்கத்துல வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதனால காகிதத்துல ஒரு நிறுத்தம், நிஜத்துல ரெண்டு: திருச்சியில சாப்பாடு, மதுரையில காப்பி. அம்மாவோட போனா எப்படியும் ரெண்டு இடத்துல நிறுத்தத்தான் போறோம். சின்ன பேட்டரின்னா திருச்சியே எட்டாது, விழுப்புரத்துலேயே தொடங்கணும். அதை நான் விட்டுட்டேன்.

செலவு: ஒரு வழிப் பயணத்துக்கு 109 யூனிட். அதுல 64 வீட்டுல ஏத்தினது. யூனிட் 10 ரூபான்னு போட்டா 640. மீதி 45 வழியில, வரியோட யூனிட் 24 ரூபான்னு போட்டா 1,080. ஆக 1,720. டீசல் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், விலை ஏறக்குறைய 92 ரூபான்னா 3,976. வித்தியாசம் 2,250 சொச்சம். வருஷம் 24 பயணத்துக்கு 54,000. வாட்ஸப்ல சுத்துற "கிலோமீட்டருக்கு ஒரு ரூபா" கணக்கு முழுக்க வீட்டு சார்ஜுக்குத்தான் பொருந்தும். வழியில ஏத்துற கரண்ட்ல லாபம் பாதிக்கு மேல கரைஞ்சிடும்.

அஞ்சு வருஷத்துக்கு எரிபொருள்ல 2.7 லட்சம், சாலை வரியில 5 லட்சம், சேர்த்து 7.7 லட்சம். என் கணக்குல மறுவிற்பனைப் பயத்துக்கு வைக்கிற விலை இதுதான். புது பிராண்ட், 2017-ல தொடங்கின கம்பெனி. அஞ்சு வருஷம் கழிச்சு டீசலைவிட 7.7 லட்சம் குறைச்சு வித்தாலும் நான் சமமா நிப்பேன். அதுக்கும் கீழ போனா நஷ்டம். "மின்வண்டி லாபம்", "மின்வண்டி நஷ்டம்"னு ரெண்டு பக்கமும் கத்துறவங்க இந்த ஒரு எண்ணைச் சொல்ல மாட்டாங்க.

சரி, இது நிஜமாவே நம்ம ஊர் காரா? ஆரம்பத்துல பாகங்கள் வியட்நாம்லேர்ந்து பெட்டியில வருது, இங்க பாடி சேர்த்து, பெயிண்ட் அடிச்சு, பூட்டுறாங்க. முழு காரா இறக்கினா சுங்க வரி 70-லிருந்து 110 சதவீதம். எந்த அளவு பிரிச்சுக் கொண்டுவர்றாங்கங்கறதைப் பொறுத்து அது 15 வரைக்கும் இறங்கும். உலகம் முழுக்க கார் கம்பெனிகள் புது நாட்டுக்குள்ள நுழையுற வழி இதுதான். பிஎம்டபிள்யூவும் 2007-ல செங்கல்பட்டுப் பக்கம் இப்படித்தான் தொடங்குச்சு.

எங்க ஊர்க்காரனுக்கு இதுல வ.உ.சி. ஞாபகம் வராம இருக்காது. 1906-ல பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியோட காலியா, லாவோ ரெண்டு கப்பலும் பிரான்ஸ்ல வாங்கினது. கப்பல் சுதேசியில்லை, முதலும் நிர்வாகமும்தான் சுதேசி. 25 ரூபா பங்கு 40,000. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சு, கடைசியில இலவசமா ஏத்தி, கூடவே குடையும் கொடுத்ததா சொல்வாங்க. இப்ப நடக்குறது நேர்தலைகீழ்: முதல் வெளிநாட்டோடது, கைகள் நம்மோடது. முதல் கட்டமா வருஷம் 50,000 கார், பின்னால ஒன்றரை லட்சம் வரைக்கும்னு திட்டம். கேட்க வேண்டிய கேள்வி அஞ்சு வருஷம் கழிச்சு ஒயரிங், சீட், கண்ணாடி, பம்பர் எல்லாம் எங்கிருந்து வருதுங்கறதுதான். மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டம் உள்நாட்டு மதிப்புச் சேர்ப்பு 50 சதவீதம் கேட்குது. அந்தப் பாகக் கம்பெனிகள் ஓட்டப்பிடாரம் பக்கம் வந்தாத்தான் ஐடிஐ முடிச்ச பையனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏற வேண்டியிருக்காது. 2018 மே மாசத்தைப் பார்த்த ஊர் இது, புது ஆலைன்னா ரெண்டு தடவை யோசிக்கும். யோசிக்கட்டும்.

உப்புக் காத்துல வண்டி நிக்குமா? முள்ளக்காடு உப்பளத்து வழியா தினம் போற எந்தப் பழைய வண்டியையும் குனிஞ்சு பாருங்க: முதல்ல துருப்பிடிக்கிறது சைலன்சர், அப்புறம் போல்ட் தலைகள், கதவின் கீழ்விளிம்பு. மின்வண்டியில சைலன்சரே இல்லை. ஆனா கீழே முழுக்க பேட்டரிப் பெட்டி, கேபிள் இணைப்புகள். மாசம் ஒரு தடவை அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில கழுவுறதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

உப்பைவிட எனக்குப் பயம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியில பல தெருக்கள்ல தண்ணி நாள்கணக்கா நின்னுச்சு. பேட்டரிக்கு ஐபி 67னு போட்டிருந்தா அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத்துல அரைமணி நேரம் தாங்கும். சாக்கடையும் கடல்தண்ணியும் கலந்த தண்ணியில மூணு நாள் நிக்கிறதுக்கு அந்த எண் பதில் சொல்லாது. முழுக் காப்பீட்டுல வெள்ளம் உண்டு. ஆனா தண்ணி ஏறின வண்டியை நாமளே ஆன் பண்ணி வந்த சேதத்துக்குத் தகராறு பண்ணுவாங்க. பேட்டரிக்கான கூடுதல் காப்பு தனியா கேட்டு வாங்கணும். நான் முதல்ல கேட்டது அதைத்தான், கலரை அப்புறம்தான் கேட்டேன்.

நடுவகை, பெரிய பேட்டரி, முன்பணம் கட்டியாச்சு. ஊர் வீட்டுக்கு வேகமான 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டாம்னு முடிவு பண்ணேன், அதுக்கு மூணு பேஸ் மாத்தணும். போனா ரெண்டு நாள் தங்குறேன். 3.3 கிலோவாட்ல காலி பேட்டரியே 21, 22 மணி நேரத்துல நிறைஞ்சிடும். தனி ஒயர், தனி எர்த், கசிவு மின்சாரம் வந்தா அணைஞ்சிடுற ஆர்சிசிபி, இது மூணும் போதும். எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வழக்கம்போல பிளக் பாயிண்ட் வைக்கிற உயரத்துல சாக்பீஸ்ல கோடு போட்டார். 2023 வெள்ளம் விட்டுட்டுப் போன கறை சுவத்துல இன்னும் இருக்கு. அதுலேர்ந்து மூணு அடி மேல வைக்கச் சொல்லியிருக்கேன்.