வயல் கொசுவும் மூளைக்காய்ச்சலும்: மாடா, பன்றியா?

சம்பா நடவு முடிந்ததும் திருச்சி, ஸ்ரீரங்கம் சுற்றுவட்டாரத்தில் காவிரிப் பாசன வயல்களில் தண்ணீர் கட்டி நிற்கும். அதில் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் சில ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. குடத்திலும் தொட்டியிலும் வளரும் டெங்கு கொசு பகலில் கடிக்கும். இந்த வயல் கொசுக்களோ பொழுது சாய்ந்த பிறகு, பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கடிக்கும். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டதே தமிழ்நாட்டில்தான்: 1955இல், வேலூர்ப் பகுதியில்.

வைரஸ் இயற்கையில் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் இருக்கிறது. பறவையிடமிருந்து அதை ஏற்றிக்கொண்ட கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் ரத்தத்தில் வைரஸ் மளமளவெனப் பெருகும். அந்தச் சில நாள்களில் பன்றியைக் கடிக்கும் மற்ற கொசுக்களுக்கும் அது தொற்றிக்கொள்ளும். பன்றியைப் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது. சினைப்பன்றி குட்டிகளைச் செத்த நிலையில் ஈனுவதுதான் முக்கிய அடையாளம். 2022இல் ஆஸ்திரேலியப் பண்ணைகளில் நோய் பரவியிருப்பது இப்படித்தான் வெளியே தெரிந்தது.

மாட்டின் கதை வேறு. இந்தக் கொசுக்களுக்கு மாட்டு ரத்தம் மிகவும் பிடிக்கும். ஆனால் மாட்டின் உடலில் வைரஸ் போதிய அளவு பெருகுவதில்லை. அங்கிருந்து அது மேலே போக வழியில்லாத முட்டுச்சந்து. எனவே கறவை மாட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். பால் வழியாக இது தொற்றாது. ஆனாலும் தொழுவம் கொசுக்களை வீட்டுப் பக்கம் இழுக்கும். தொழுவத்தை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுப்பவர்கள் கொசுவலை இல்லாமல் படுக்கக் கூடாது.

மனிதரும் முட்டுச்சந்துதான், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. தொற்றியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளை பாதிக்கும். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் 30 விழுக்காடு வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்கள் பலருக்கு வலிப்போ பக்கவாதமோ தங்கிவிடும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது.

ஆகவே தடுப்புதான் வழி. பன்றிக் கொட்டகை குடியிருப்புக்குத் தள்ளி இருக்க வேண்டும். தெருவில் பன்றிகளைத் திரிய விடுவது ஆபத்து. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால், இடையே வயல் காயும்போது கொசுப்புழுக்கள் இறகு முளைக்கும் முன்பே சாகும், தண்ணீரும் மிச்சம். நோய் தென்படும் மாவட்டங்களில் அரசே குழந்தைகளுக்கு 9 மாதம் முடிந்ததும் ஒரு தடுப்பூசியும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாவதும் இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதிக்கு உண்டா என்று கிராம செவிலியரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு வலிப்போ, கழுத்து விறைப்போ, நினைவுத் தடுமாற்றமோ கண்டால் கைவைத்தியம் பார்த்துக் காலம் தாழ்த்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.