படகுத்துறையை விற்றுக் கடன் தீர்ப்பதா?

கடனில் மூழ்கிய குடும்பஸ்தன் வட்டிக்காரனைச் சமாதானப்படுத்துவதற்காக வீட்டுக் கிணற்றை விற்றுவிட்டால், அன்று மாலை கடன் குறைந்திருக்கும். மறுநாள் காலை முதல் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். குடும்பம் நடத்துகிற எவருக்கும் விளங்கும் இந்த உண்மை அரசாங்கங்களுக்கு மட்டும் பல சமயங்களில் மறந்துபோகிறது. பொதுப் போக்குவரத்தின் கடனைக் குறைப்பதற்காகப் பொதுஜனங்களுக்குச் சொந்தமான துறைமுகத்தை விற்றுவிடலாம் என்ற யோசனை, இந்த மறதியில் பிறந்ததேயாகும்.

கடலே காணாத மேட்டூருக்குத் துறைமுகப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணை, 120 அடி உயரத்துக்குக் காவிரியைத் தேக்கி, 93.47 டி.எம்.சி. நீரைத் தன்னுள் அடக்குகிறது. அந்த நீருக்கடியில் ஊர்களும் வயல்களும் பாதைகளும் புதைந்து கிடக்கின்றன. நீர் வற்றும் காலங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய மாதா கோயிலின் கோபுரமும் வெளியே தலைகாட்டுவதை நம் வாசகர்கள் அறிவார்கள். தரை வழி போன இடத்தில் படகு வழி வந்தது. தர்மபுரிப் பக்கத்து நாகமரையையும் சேலம் பக்கத்துப் பண்ணவாடியையும் இணைப்பது படகே. அணைக்குக் கீழே பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையிலும் அப்படியே. டெல்டாவின் பயிருக்காகத் தங்கள் நிலத்தை நீருக்கு விட்டுக்கொடுத்த மக்களுக்கு அக்கரை செல்லும் வழி சலுகையன்று, உரிமை.

படகுத்துறை என்பது வெறும் கரையன்று, அது வாசல். வாசலைப் பிடித்தவன் வரி வாங்குவான். சென்னை மாகாணத்தில் 1890-ஆம் ஆண்டிலேயே பொதுப் படகுத்துறைகளுக்கென்று சட்டம் செய்ததன் உட்பொருள் இதுவே. நம் பகுதியில் துறைகளை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. குத்தகைக்காரர் மாறலாம்; துறை பொதுஜனங்களிடமே இருக்கிறது. குத்தகை முடிந்தால் திரும்பி வருவது ஒன்று. விற்றால் திரும்பாதது மற்றொன்று. இந்த வித்தியாசத்தின் விலை என்ன என்பதை இங்கிலாந்தின் சரித்திரம் காட்டுகிறது.

பிரிட்டிஷ் ரயில்வேயின் சொத்தாக சீலிங்க் என்ற கப்பல் ஸ்தாபனம் இருந்தது. ஹோலிஹெட், பிஷ்கார்டு, போக்ஸ்டன், நியூஹேவன் முதலிய துறைமுகங்கள் அதனைச் சேர்ந்தவை. தாட்சர் சர்க்கார் 1984-ல் கப்பல்களையும் துறைமுகங்களையும் சேர்த்து 6 கோடியே 60 லட்சம் பவுனுக்கு சீ கன்டெய்னர்ஸ் என்ற கம்பெனிக்கு விற்றது. ஆறே ஆண்டுகளில், 1990-ல், அந்தக் கம்பெனி சில துறைமுகங்களையும் வைட் தீவுப் படகுகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஸ்வீடன் தேசத்து ஸ்டெனா கம்பெனிக்கு 25 கோடியே 90 லட்சம் பவுனுக்கு விற்றது. வாங்கியவர்கள் இடையில் பணம் போட்டார்கள் என்பது மெய்தான். ஆயினும் ஏறக்குறைய நான்கு மடங்கு விலை கண்ட ஆதாயம் பொதுஜனங்களுக்குச் சேரவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேக்கோ அதற்குப் பின்னும் அரசு மானியம் வேண்டியே இருந்தது. சொத்து போயிற்று; நஷ்டம் நின்றது.

பிஷ்கார்டுக்கு எதிர்க்கரையில், அயர்லாந்தில், ராஸ்லேர் துறைமுகம் இருக்கிறது. அதை நடத்துவது அந்நாட்டு அரசு ரயில்வே. 2008-ன் பணநெருக்கடிக்குப் பின் அயர்லாந்து கடனில் சிக்கியபோது, அரசுச் சொத்துக்களை விற்பதைப் பற்றி ஆராய்ந்த குழு 2011-ல் அறிக்கை தந்தது. ராஸ்லேரை விற்றுப் போக்குவரத்துக் கடனைக் குறைக்கலாம் என்ற யோசனையும் அக்காலத்தில் எழுந்தது. விற்கவில்லை. பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையை விட்டு விலகிய பின், 2021 ஜனவரி முதல், இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு நேரே பிரான்ஸுக்குச் சரக்கு அனுப்ப ஐரிஷ் வியாபாரிகளுக்கு வாசலாக நின்றது அதே ராஸ்லேர்தான். டன்கர்க்குக்குப் புதிய கப்பல் வழியும் அம்மாதமே திறந்தது. பத்தாண்டுக்கு முன் கணக்குப்புத்தகத்தில் சிறியதாய்த் தெரிந்த சொத்து, நெருக்கடியில் தேசத்துக்கே வழியாயிற்று.

நம் நாட்டில் ஏர் இந்தியாவை 2021-ல் விற்றதைக் காட்டி நமக்கு மறுமொழி சொல்வார்கள். நஷ்டத்திலேயே ஓடிய விமானக் கம்பெனியைக் கைவிட்டதில் நியாயம் காண்பவர்கள் இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 61,562 கோடி ரூபாய்க் கடனில் வாங்கியவர் ஏற்றது 15,300 கோடி; மிஞ்சிய 46,262 கோடி அரசாங்கத்தின் தலையிலேயே விழுந்தது. விற்பனை கடனைக் கரைத்துவிடும் என்பது மாயை. அன்றியும், நஷ்டம் தரும் தொழிலை விடுவது வேறு. வருமானம் தரும் வாசலை விடுவது வேறு.

நம் தமிழகத்துப் பஸ் கழகங்களும் கடனில்தான் இருக்கின்றன. பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று 2021 ஆகஸ்டில் மாநில அரசின் வெள்ளை அறிக்கை கூறிற்று. இந்த நஷ்டம் எங்கிருந்து வருகிறது? மலையடிவாரத்துச் சிற்றூருக்கு அரைவண்டி ஜனத்தோடு பஸ் போவதாலும், ஏழைக்குத் தாங்கும் கட்டணத்தை வைப்பதாலும் பெரும்பகுதி வருகிறது. அது ஊழியம். ஊழியத்துக்கு ஆகும் செலவை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் வெளிப்படையாகக் காட்டி அரசு கொடுக்க வேண்டும். 2021 மே முதல் நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்து, அதற்கான தொகையை அரசு கழகங்களுக்கு வழங்கி வருவது இந்த நேர்வழியே. ஊழியத்தால் வராத நஷ்டமும் உண்டு: சீர்கேடு, பழைய வண்டி, வட்டி. அவற்றைக் கண்டிப்பான நிர்வாகத்தால் திருத்த வேண்டும். ஆண்டுதோறும் வரும் நஷ்டத்தை ஒருமுறை விற்கும் சொத்தால் அடைக்க முற்படுவது, ஓட்டைக் குடத்தை நிரப்ப ஏரிக்கரையை வெட்டுவதாகும்.

அரசு நடத்தினால் எல்லாம் செம்மையாகிவிடும் என்று நாம் வாதிக்கவில்லை. தனியார் திறமையைக் குத்தகையால் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் கட்டணம், பாதுகாப்பு, காலவரை மூன்றும் பொதுஜனங்களின் பிரதிநிதிகள் கையில் இருக்க வேண்டும். அரைநூற்றாண்டுக் குத்தகை என்றால், அது பெயரளவில் குத்தகை, உண்மையில் கிரயம்.

மேட்டூர்த் துறைகளுக்கு இன்றே ஆபத்து வந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆபத்து வந்தபின் விழிப்பவர்கள் சொத்தைக் காப்பதில்லை. எங்கே எந்தப் பொதுச் சொத்து விற்பனைக்கு வந்தாலும், தேச ஊழியர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: கிடைக்கும் பணம் நஷ்டத்தின் காரணத்தைத் தீர்க்குமா? விற்றபின் கட்டணத்தை யார் நிர்ணயிப்பார்? நாளை வேண்டுமென்றால் எந்த விலைக்குத் திரும்பக் கிடைக்கும்? இவற்றுக்கு மந்திரிகள் தெளிவாக விடை சொல்லட்டும். சொல்லாதவரையில், கிரயப் பத்திரத்தில் மை படக் கூடாது.