சமநிலை எவ்வளவு வேகமாக வரும்?

அணு உலைக்குள் விரையும் நியூட்ரான்கள் ஒன்றோடொன்று மோதுவது மிக அரிது. சுற்றியுள்ள பொருளின் அணுக்கருக்களோடுதான் அவை மோதுகின்றன. உலோகத்தில் ஓடும் எலக்ட்ரான்களையும் லோரன்ஸ் 1905-இல் இப்படித்தான் உருவகித்தார். இத்தகைய துகள் கூட்டத்தில் எந்த இடத்தில், எந்தத் திசைவேகத்தோடு எத்தனை துகள்கள் உள்ளன என்று கணக்கிடுபவை நேரியல் இயக்கவியல் சமன்பாடுகள். துகள்களின் எண்ணிக்கை மாறாத எளிய வடிவத்தையே இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

மோதல்களால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, குறையாது என்று போல்ட்ஸ்மன் 1872-இல் காட்டினார். கூட்டம் எந்தத் திசையில் மாறும் என்பதை அது சொல்கிறது. எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்வதில்லை. கேள்வியின் உயிர் இந்த வேகத்தில்தான் இருக்கிறது. ‘என்றாவது ஒரு நாள் சமநிலை வரும்’ என்ற விடை பிரபஞ்சத்தின் வயதைத் தாண்டிய காலத்தையும் குறிக்கலாம்.

சிக்கல் இதுதான். மோதல் நடந்த இடத்திலேயே திசைவேகத்தை மட்டும் மாற்றுகிறது. ஒரு பெட்டியின் ஒவ்வொரு புள்ளியிலும் திசைவேகங்கள் சமநிலைக்கு உரியபடி பரவிவிட்டன, ஆனால் இடப்பக்கம் துகள்கள் அதிகம் என்று கொள்வோம். அந்தக் கணத்தில் மோதல்களுக்கு வேலையே இல்லை, என்ட்ரோபியும் உயர்வதில்லை. ஆனாலும் பெட்டி சமநிலையில் இல்லை. துகள்களின் ஓட்டமும் தனியாக என்ட்ரோபியை உயர்த்தாது. ஆனால் அது அடர்ந்த பக்கத்திலிருந்து துகள்களை மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோய்த் திசைவேகப் பரவலைக் குலைக்கிறது. உடனே மோதல்களுக்கு வேலை கிடைக்கிறது. தனித்தனியே இயலாததை இரண்டும் சேர்ந்து சாதிக்கின்றன.

இந்தக் கூட்டுறவை எண்ணில் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. இடத்தையும் திசைவேகத்தையும் பிணைக்கும் ஒரு சிறு உறுப்பை, சமநிலையிலிருந்து விலகலை அளக்கும் வழக்கமான அளவோடு சேர்த்தால், அந்தப் புதிய அளவு இடைவிடாமல் குறைகிறது. இந்த அழகான உத்தியை செட்ரிக் வில்லானி 2009-இல் வெளிவந்த நூலில் ‘ஹைப்போகோயர்சிவிட்டி’ என்ற பெயரில் விரிவாக வளர்த்தார். அவருக்கு 2010-இல் ஹைதராபாதில் ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது. வகைக்கெழுக்களின் துணையில்லாமலே இயங்கும் ஒரு முறையை டோல்போ, மூஓ, ஷ்மைசர் ஆகியோர் 2015-இல் தந்தார்கள்.

மூடிய பெட்டியில், எங்கும் மோதல் இருந்தால், சமநிலையிலிருந்து உள்ள விலகல் அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிறது: சம கால இடைவெளிகளில் ஒரே விகிதத்தில் சுருங்குகிறது. மோதல்களைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடும் என்று தோன்றும், அது சரியல்ல. மோதல் மிகக் குறைந்தால் திசைவேகம் கலையாது. மிக அதிகமானால் துகள் நகரவே முடியாது. இரண்டு ஓரங்களிலும் தேய்வு மெதுவானது. வேகம் உச்சம் தொடுவது இடையில் எங்கோ.

எல்லையற்ற வெளியில் திரும்பிச் சேர ஒரு சமநிலையே இல்லை. துகள்கள் பரவிக்கொண்டே போகும். முப்பரிமாணத்தில் அடர்த்தி காலத்தின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். காலம் நான்கு மடங்கானால் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகும்.

பெட்டியின் ஒரு பகுதியில் மட்டும் மோதல் நிகழ்ந்தால் வடிவியல் உள்ளே வருகிறது. எந்த இடத்திலிருந்து எத்திசையில் கிளம்பினாலும் துகள் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் மோதல் பகுதியைக் கடந்தாக வேண்டும் என்றால் அடுக்குக்குறித் தேய்வு நிலைக்கும். அதைத் தொடாமலே ஓடும் பாதைகள் இருந்தால் அந்த வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று பெர்னார், சால்வரானி இருவரும் 2013-இல் காட்டினார்கள்.