வெளிமாநில வேக அபராதம்

கல்வராயன் மலைப் புளியுடன் வாளையார் வழியாகப் பாலக்காடு போய்வந்த எங்கள் வேனுக்கு வேக அபராதம் இருப்பது, பல மாதம் கழித்து எப்.சி.க்குப் போன இடத்தில்தான் தெரிந்தது. ஆர்.சி.யில் இருந்தது பழைய கைபேசி எண்.

வழியில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. கேமரா படத்தை வைத்து உரிமையாளர் பெயருக்கே சலான் வருகிறது. 2019 திருத்தச் சட்டப்படி இலகுரக வண்டிக்கு ரூ.1,000 முதல் 2,000 வரை; நடுத்தர, கனரக லாரிக்கு ரூ.2,000 முதல் 4,000 வரை. ஓட்டுநர் பேட்டாவில் நாங்கள் பிடிக்கவில்லை. விடிவதற்குள் சரக்கு இறங்க வேண்டும் என்று விரட்டியது நாங்கள்தானே!

கட்டுவதற்குக் கேரளம் போக வேண்டாம். பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் விவரம் வரும். முதலில் படம், தேதி, இடம் மூன்றையும் பாருங்கள். நம் எண்ணைப் போலியாக மாட்டி ஓட்டுவோரும் உண்டு. அப்படியானால் பணம் கட்டாமல், அன்றைய பில், டிரிப் சீட்டு ஆதாரத்தோடு தளத்திலேயே புகார் செய்யலாம். கட்டாமலே விட்டால் இணையவழி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வழக்காட விரும்பினால் அவ்வூர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். தேதிக்குத் தேதி அலைந்தால் கடையை யார் பார்ப்பது?

வாட்ஸ்அப்பில் 'சலான்' என்று வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடாதீர்கள்; வங்கிப் பணம் திருடும் வேலை அது. ஆர்.சி.யில் எண் மாற்றுவதை நாங்கள் அந்த வாரமே முடித்தோம்.